மூன்று உயிர் உலகங்களுக்கும் பொதுவான தொடக்கக் காரணிகள் எவை? ஐஎஃப்2-க்கும் இஐஎஃப்2-க்கும் உறவு உண்டா?

வேதிமலர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். உயிர்வேதியியல் முதுகலை படிக்கிறேன். துறைக் கருத்தரங்கில் புரதத் தொகுப்பின் தொடக்கக் காரணிகள் (ரைபோசோம் எம்ஆர்என்ஏ-வைப் படிக்கத் தொடங்க உதவும் புரதங்கள்; பாக்டீரியாவில் ஐஎஃப், நம்மிடம் இஐஎஃப், ஆர்க்கியாவில் ஏஐஎஃப் என்று எண்ணோடு பெயர்) பரிணாமத்தில் எவ்வளவு மாறாமல் வந்திருக்கின்றன என்பது பற்றிப் பேச வேண்டும். பாடநூலைத் திறந்தால் ஒரு பக்கத்தில் "தொடக்க நிலை எல்லா உயிர்களிலும் ஒரே அடிப்படையில் நடக்கிறது" என்கிறது. அடுத்த பக்கத்து அட்டவணையில் பாக்டீரியாவுக்கு மூன்றே மூன்று காரணிகள், நமக்கு ஒரு டஜனுக்கு மேல்.

சரி, நாமே பார்த்துவிடலாம் என்று ஈ. கோலையின் மூன்று காரணிகளையும் எடுத்து மனிதப் புரதங்களுக்கு எதிராக பிளாஸ்ட் தேடல் (வரிசை ஒப்பீடு) ஓட்டினேன். ஐஎஃப்2-க்கு முதலில் வந்தது மைட்டோகாண்ட்ரியாவின் எம்டிஐஎஃப்2. அதற்குக் கீழே இஐஎஃப்5பி. நான் எதிர்பார்த்த இஐஎஃப்2-வில் காமா துணையலகு மட்டும் கீழே எங்கேயோ வந்தது, அதுவும் ஒரு பகுதி மட்டும்தான் பொருந்தியது. ஐஎஃப்3-க்கு மைட்டோகாண்ட்ரியாவின் புரதம் மட்டும், அதுவும் மங்கலாக. ஐஎஃப்1-க்கு நம்பும்படி எதுவும் இல்லை.

ஆனால் நீட்சிக் காரணிகளை (தொடங்கிய புரதச் சங்கிலியை நீட்ட உதவுபவை) இப்படித் தேடினால் அவற்றில் ஒன்றான இஎஃப்-டியு எங்கே போனாலும் பளிச்சென்று தெரிகிறது. தொடக்கக் காரணிகளில் மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்? எதைத்தான் "மாறாதது" என்று சொல்கிறார்கள்? வரிசை பொருந்தாதபோது ஐஎஃப்1-ம் இஐஎஃப்1ஏ-வும் ஒன்று என்று எந்தத் துணிச்சலில் எழுதுகிறார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

ஈஸ்ட்காரன்

உங்கள் தேடல் உண்மையைத்தான் காட்டியிருக்கிறது. ஐஎஃப்2-வின் சொந்தக்காரர் இஐஎஃப்5பி-தான், இஐஎஃப்2 அல்ல. எண்கள் ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் புரதங்களைப் பிரித்தெடுத்த வரிசையில் விழுந்தவை. அவற்றை வைத்து வம்சம் பார்க்க முடியாது. எம்டிஐஎஃப்2 முதலில் வந்ததிலும் வியப்பில்லை, மைட்டோகாண்ட்ரியா பாக்டீரியா வம்சம்தானே.

நான் பல வருடங்களாக ஈஸ்டில் இந்தக் காரணிகளோடுதான் வாழ்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990-களின் நடுப்பகுதிவரை பொதுவான எண்ணம் இதுதான்: பாக்டீரியாவும் யூகேரியோட்டும் ஒரே வேலையைத் தனித்தனிப் புரதங்களை வைத்துச் செய்கின்றன. அப்படியானால் எல்லா உயிர்களுக்கும் பொதுவான மூதாதையிடம் ஒழுங்கான தொடக்க முறையே இருந்திருக்காது, அல்லது இன்று இருப்பதற்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று இருந்திருக்கும். 1996-இல் மெத்தனோகாக்கஸ் ஜன்னாஷியை முழுதாக வரிசைப்படுத்தினார்கள். ஆர்க்கியா உலகத்திலிருந்து (பாக்டீரியா, யூகேரியோட் தவிர்த்த மூன்றாவது உயிர் உலகம்) வந்த முதல் முழு மரபணுத்தொகுதி அது. அதில் ஐஎஃப்2 போன்றதும் இருந்தது, இஐஎஃப்2 போன்றதும் இருந்தது. ஒரே செல்லில் இரண்டும்! பாக்டீரியாவில் மெத்தியோனின் (முதல் அமினோ அமிலம்) சுமக்கும் தொடக்க டிஆர்என்ஏ-வை ரைபோசோமில் உட்காரவைப்பது ஐஎஃப்2, நம்மிடம் அதே வேலையைச் செய்வது இஐஎஃப்2 என்றுதான் அதுவரை படித்திருந்தோம். இரண்டும் கைவசம் உள்ள உயிரிக்கு ஒன்று எதற்கு?

அடுத்த இரண்டு ஆண்டுகளில் படம் தெளிந்தது. ஈஸ்டில் ஃபன்12 என்றொரு மரபணு இருந்தது, வேலை இன்னதென்று தெரியாத மரபணுக்களின் வரிசையில் அதற்கு ஓர் எண். பார்த்தால் அது ஐஎஃப்2-வின் உறவுப் புரதம். 1998-இல் அது புரதத் தொகுப்பின் தொடக்கத்தில் வேலை செய்கிறது என்று காட்டினார்கள். இன்று அதைத்தான் இஐஎஃப்5பி என்கிறோம். 2000-இல் அதன் முக்கிய வேலையும் தெரிந்தது: ரைபோசோமின் சிறிய துணையலகோடு பெரிய துணையலகைச் சேர்த்துவைப்பது.

ஃபன்12 நீக்கிய ஈஸ்டைத் தட்டில் பார்த்தால் மறக்கமாட்டீர்கள். பக்கத்தில் சாதாரண ஈஸ்ட் பருத்த வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். இது வெளிச்சத்துக்கு எதிரே தட்டைச் சாய்த்தால்தான் கண்ணில் படும், ஊசிமுனை மாதிரி. ஆனால் சாகாது. அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். பாக்டீரியாவில் ஐஎஃப்2 இல்லாமல் பிழைக்க வழியில்லை. ஈஸ்ட் நொண்டிக்கொண்டாவது வளர்கிறது, ஏனென்றால் டிஆர்என்ஏ-வைக் கொண்டுவரும் வேலையை இஐஎஃப்2 தனியாகப் பார்த்துக்கொள்கிறது.

1999-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஃபன்12 இல்லாத ஈஸ்டுக்குள் ஆர்க்கியாவின் ஐஎஃப்2-வைப் போட்டார்கள். அது ஈஸ்ட் புரதத்தின் வேலையை ஏற்றுச் செய்தது, உயிருள்ள செல்லிலும் சோதனைக் குழாயிலும். நூறு கோடிக்கணக்கான ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்த இரண்டு வம்சங்கள். ஒன்றின் புரதம் மற்றொன்றின் ரைபோசோமில் போய் உட்கார்ந்து வேலை செய்கிறது. மாறாமல் வந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. உங்கள் கருத்தரங்கில் வரிசை ஒப்பீட்டுப் படத்தைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

அந்தப் புரதம் முழுவதும் மாறாமல் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். ஈ. கோலையில் 890 அமினோ அமிலங்கள், ஈஸ்டில் 1002, மனிதனில் 1220, ஆர்க்கியாவில் சுமார் 600. இந்த வேறுபாடு பெரும்பாலும் முன்முனையில் இருக்கிறது. ஈஸ்டில் முதல் 395-ஐ வெட்டிவிட்டாலும் மீதி வேலை செய்யும், ஆய்வகங்களில் பெரும்பாலும் அந்தக் குட்டை வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறோம். பின்பாதிதான் பொதுச் சொத்து. 2000-இல் ஆர்க்கியாவின் புரதத்தைப் படிகமாக்கிப் பார்த்தபோது அது நீண்ட தண்டுள்ள கிண்ணம் மாதிரி இருந்தது. மேலே ஜிடிபி (குவனோசின் டிரைபாஸ்பேட்) பிடிக்கும் பகுதி, நடுவில் நீண்ட ஆல்ஃபா சுருள், அதன் நுனியில் ஒரு சிறு பீப்பாய். அந்தப் பீப்பாய்தான் தொடக்க டிஆர்என்ஏ-வின் மெத்தியோனின் முனையைத் தொடுகிறது. இன்னொரு முனை பெரிய துணையலகின் சார்சின்–ரிசின் வளையத்தை (ஓர் ஆர்என்ஏ வளையம்) ஒட்டி உட்காருகிறது. ஒரே புரதம், ஒரு கை டிஆர்என்ஏ-வில், மறு கை பெரிய துணையலகில், உடம்பு சிறிய துணையலகில். தொட்டுக்கொண்டிருக்கும் எதுவும் ரைபோசோமில் மாறவில்லை, அதனால் இதற்கும் மாற இடம் கிடைக்கவில்லை. இது என் கருத்து, ஆனால் கட்டமைப்புகளைப் பார்க்கப் பார்க்க உறுதிப்படுகிறது.

உங்கள் இஎஃப்-டியு கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நீட்சியில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் அதே சுற்றுத்தான் திரும்பத் திரும்ப நடக்கும், எம்ஆர்என்ஏ எப்படிப்பட்டது என்ற கவலை அதற்கில்லை. தொடக்கம் அப்படி இல்லை. எம்ஆர்என்ஏ-வின் எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று கண்டுபிடிக்க வேண்டும். பாக்டீரியாவில் ஒரே எம்ஆர்என்ஏ-வில் பல புரதங்கள், நடுநடுவே தொடக்க இடங்கள், 1974-இல் ஷைனும் டால்கார்னோவும் சொன்ன அந்தச் சிறு வரிசை வழிகாட்டும். நம்மிடம் எம்ஆர்என்ஏ கருவிலிருந்து தொப்பியோடு (முன்முனையில் மாட்டிய வேதிக் குழு) வெளியே வரும், ரைபோசோம் அந்த முனையில் ஏறி ஏயுஜி என்ற தொடக்கக் கோடான் கிடைக்கும்வரை நகர்ந்து தேடும். தேடும் முறை மாறினால் தேட உதவும் புரதங்களும் மாறத்தானே செய்யும்? இஐஎஃப்4 குடும்பம், பாலூட்டிகளில் 13 துணையலகுகள் கொண்ட இஐஎஃப்3 எல்லாம் அந்த வகை. இஐஎஃப்3-க்கு ஆர்க்கியாவில்கூட இணை கிடையாது.

ஆக, தொடக்கத்தின் முன்பாதி, அதாவது தேடும் கட்டம், மாறியது. ஏயுஜி கிடைத்தபின் "சரியான டிஆர்என்ஏ சரியான இடத்தில் இருக்கிறதா, இருந்தால் பெரிய துணையலகு வரலாம்" என்று முடிவெடுக்கும் கடைசிக் கட்டம் மாறவில்லை. ஐஎஃப்1-ம் ஐஎஃப்2-வும் காவல் நிற்பது அந்தக் கட்டத்தில்.

படிகநேயன்

ஐஎஃப்1 பற்றி நான் சொல்கிறேன், என் வேலை அந்தப் பக்கம்தான்.

ஈ. கோலையின் ஐஎஃப்1 மிகச் சிறிய புரதம், 72 அமினோ அமிலங்கள். இவ்வளவு சிறியதற்கு பிளாஸ்ட் நம்பத்தக்க மதிப்பெண் கொடுக்காது, பொருந்த இடமே இல்லை. போதாக்குறைக்கு அதன் மடிப்பு ஓபி மடிப்பு. அந்தப் பீப்பாய் வடிவம் நியூக்ளிக் அமிலம் பிடிக்கும் எத்தனையோ புரதங்களில் இருக்கிறது, குளிர் அதிர்ச்சிப் புரதங்களில்கூட. எனவே "மடிப்பு ஒன்றாக இருக்கிறது, ஆகவே உறவு" என்று மட்டும் சொன்னால் கேள்வி கேட்பவர் உங்களை மடக்கிவிடுவார்.

வரிசையில் உறவு இருக்கிறது என்பதை 1998-இலேயே கிர்பிடீஸும் கார்ல் வோஸும் காட்டிவிட்டார்கள், பல உயிரிகளின் வரிசைகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்து. ஆர்க்கியாவையே தனி உலகமாகப் பிரித்துக் காட்டியவர்களில் ஒருவர் வோஸ் என்பது தெரிந்திருக்கும். இரண்டே வரிசைகளை நேருக்கு நேர் வைத்தால் தெரியாத ஒற்றுமை, நூறு வரிசைகளின் நடுவே வைத்தால் தெரியும்.

எனக்கு உறுதி தந்தது அது உட்காரும் இடம். 2001-இல் தெர்மஸ் தெர்மோஃபிலஸின் 30எஸ் (பாக்டீரியாவின் சிறிய) துணையலகோடு ஐஎஃப்1 சேர்ந்த படிகக் கட்டமைப்பு வந்தது, வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் குழுவின் வேலை. ஐஎஃப்1 நேராக ஏ இருக்கையில் (அடுத்த டிஆர்என்ஏ வந்து உட்காரும் இடம்) போய் அடைத்துக்கொள்கிறது. 16எஸ் ஆர்என்ஏ-வின் (அந்தத் துணையலகின் ஆர்என்ஏ) 44-ஆம் சுருள், 530 வளையம், எஸ்12 புரதம், இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில். உட்கார்ந்ததும் ஏ1492, ஏ1493 என்ற இரண்டு அடினைன்களும் சுருளுக்குள்ளிருந்து வெளியே புரண்டு, ஐஎஃப்1-இன் மேற்பரப்பில் உள்ள குழிகளில் புதைகின்றன. அதே இரண்டு அடினைன்கள்தான் பின்னால் நீட்சியின்போது கோடானும் எதிர்க்கோடானும் சரியாகச் சேர்ந்தனவா என்று சோதிப்பவை. ரைபோசோமின் சோதனைக் கருவியையே பிடித்து வைத்துக்கொண்டு, "இந்த இருக்கைக்கு இப்போது யாரும் வரக்கூடாது" என்கிறது ஐஎஃப்1.

பிறகு இஐஎஃப்1ஏ-வை 40எஸ் (நம் சிறிய) துணையலகில் பார்த்தபோது அதுவும் அதே ஏ இருக்கையில், அதே திசையில் உட்கார்ந்திருந்தது. கூடுதலாக இரண்டு பக்கமும் வால்கள். முன்வாலும் பின்வாலும் ஒழுங்கான மடிப்பு இல்லாதவை, பி இருக்கையை (தொடக்க டிஆர்என்ஏ உட்காரும் இடம்) நோக்கி நீள்கின்றன, ஏயுஜி தேடும்போது அவற்றுக்கு வேலை உண்டு. மனிதனில் அந்த முன்வாலில் வரும் மாற்றங்கள் கண்ணின் யூவியல் மெலனோமாப் புற்றுநோயில் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. பின்வாலின் கடைசி ஐந்து அமினோ அமிலங்கள் இஐஎஃப்5பி-யைப் பிடிக்கின்றன. ஐஎஃப்1-உம் ஐஎஃப்2-வும் பாக்டீரியா ரைபோசோமில் பக்கத்துப் பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜோடியாகவே வந்திருக்கின்றன.

இன்னொன்று. பாலூட்டிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் ஐஎஃப்1 இல்லவே இல்லை. அதன் ஐஎஃப்2-வில் 37 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு செருகல் இருக்கிறது. 2008-இல் மாட்டின் மைட்டோகாண்ட்ரிய ஐஎஃப்2-வை ஈ. கோலைக்குள் வைத்தார்கள். அது ஐஎஃப்1, ஐஎஃப்2 இரண்டும் இல்லாத குறையைத் தனியாளாகத் தீர்த்தது. அப்புறம் கட்டமைப்பில் பார்த்தால் அந்தச் செருகல் நீட்டிக்கொண்டு போய் ஐஎஃப்1 உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. புரதம் தொலைந்தாலும் இருக்கை காலியாக இருக்க முடியாது. "இடமும் வேலையும்தான் காக்கப்படுகிறது" என்று நீங்கள் சொல்ல விரும்பினால் இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

வேதிமலர்

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகங்கள் மிச்சம். இஐஎஃப்2 எங்கிருந்து வந்தது? அது வந்தபின் இஐஎஃப்5பி தன் பழைய வேலையை முழுதாக விட்டுவிட்டதா? ஐஎஃப்3-ஐ யாரும் தொடவே இல்லையே, அதற்கும் இஐஎஃப்1-க்கும் உறவு என்று ஓர் அட்டவணையில் பார்த்தேன்.

ஈஸ்ட்காரன்

இஐஎஃப்2 மூன்று துணையலகுகள் கொண்டது: ஆல்ஃபா, பீட்டா, காமா. இதில் காமாவைப் பார்த்தால் இஎஃப்-டியு-வின் சாயல் அப்படியே இருக்கும், அதனால்தான் உங்கள் தேடலில் அந்த ஒரு துணையலகு மட்டும், ஜிடிபி பிடிக்கும் பகுதியில் மட்டும், பொருந்தியது. ஐஎஃப்2, இஎஃப்-டியு, இஐஎஃப்2 காமா எல்லாமே ஒரு பெரிய ஜிடிபியேஸ் (ஜிடிபி-யை உடைக்கும் புரதங்கள்) குடும்பத்தின் கிளைகள். அந்தக் குடும்பத்துக்குள் காமாவுக்கு நெருங்கிய சொந்தம் செல்பி, அதாவது செலினோசிஸ்டீன் சுமந்த டிஆர்என்ஏ-வைக் கொண்டுவரும் நீட்சிக் காரணி. ஒரு விசேஷ டிஆர்என்ஏ-வை மட்டும் அடையாளம் கண்டு தூக்கிவருவது இரண்டுக்கும் பொதுவான திறமை என்பதைக் கவனியுங்கள். ஆக, ஆர்க்கியா வம்சத்தில் நீட்சிக் காரணி வகையைச் சேர்ந்த ஒரு புரதம் தொடக்க டிஆர்என்ஏ-வைச் சுமக்கும் வேலைக்கு வந்திருக்கிறது. நாம் ஆர்க்கியா கிளையிலிருந்து வந்தவர்கள் ஆதலால் நமக்கும் அது வந்தது. பாக்டீரியாவில் இஐஎஃப்2 கிடையாது.

பாக்டீரியாவுக்கு அது ஏன் தேவைப்படவில்லை? அங்கே தொடக்க மெத்தியோனினுக்கு ஃபார்மைல் குழு மாட்டிவிடுகிறார்கள். ஐஎஃப்2-வின் நுனிப் பீப்பாய் அந்த ஃபார்மைலை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆர்க்கியாவிலும் நம் சைட்டோபிளாசத்திலும் ஃபார்மைல் இல்லை, இஐஎஃப்5பி-யின் பிடியும் அதற்கேற்பத் தளர்ந்தது. சுமந்துவர இன்னொருவர் தேவை, அது இஐஎஃப்2. இதில் எது முதலில் நடந்தது, ஃபார்மைல் போனதா, இஐஎஃப்2 வந்ததா என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

பழைய வேலையை விட்டுவிட்டதா என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. செல்லுக்கு நெருக்கடி வரும்போது இஐஎஃப்2 ஆல்ஃபாவின் 51-ஆவது செரினில் பாஸ்பேட் ஏறும். இஐஎஃப்2 முடங்கும், பொதுவான புரதத் தொகுப்பு அடங்கும். ஆனால் ஹெபடைட்டிஸ் சி வைரஸின் ஆர்என்ஏ-வில் ரைபோசோமை நேரடியாக ஏற்றிக்கொள்ளும் ஒரு பகுதி இருக்கிறது. 2008-இல் இரண்டு குழுக்கள், ஒன்று இந்த வைரஸிலும் மற்றொன்று இதன் சொந்தக்காரரான செவ்வியல் பன்றிக் காய்ச்சல் வைரஸ் (பன்றிகளைத் தாக்குவது, இன்ஃப்ளூவன்சா அல்ல) வகையிலும் பார்த்துச் சொன்னது இது: இஐஎஃப்2 இல்லாதபோதும் அவை தொடங்குகின்றன, இஐஎஃப்5பி-யின் உதவியோடு. அதாவது பாக்டீரியாவில் ஐஎஃப்2 நடத்துகிற மாதிரியே! அந்தத் திறமை நம் செல்லுக்குள் அழியாமல் கிடந்திருக்கிறது, வைரஸ் அதைத் தட்டி எழுப்பிப் பயன்படுத்துகிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்து ஐஎஃப்3. அந்த அட்டவணை வேலையை வைத்து அடுக்கியிருக்கும். ஐஎஃப்3, இஐஎஃப்1 இரண்டும் சிறிய துணையலகில் பி இருக்கையை ஒட்டித்தான் உட்காரும். இரண்டும் தவறான கோடானில் தொடங்கிவிடாமல் தடுக்கும். வரிசையில் உறவு கிடையாது. இன்னும் வேடிக்கை, இஐஎஃப்1 குடும்பத்துப் புரதம் ஒன்று ஈ. கோலையிலேயே இருக்கிறது, ஒய்சிஐஹெச் என்று பெயர். ஆனால் அன்றாடத் தொடக்கத்துக்கு ஈ. கோலை நம்பியிருப்பது ஐஎஃப்3-ஐத்தான்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பேச ஒரு நல்ல விஷயம் உண்டு. ஐஎஃப்3-இன் மரபணு ஈ. கோலையில் ஏயுஜி-யில் தொடங்காது, ஏயுயு-வில் தொடங்கும். அபூர்வமான தொடக்கக் கோடான். ஐஎஃப்3 போதுமான அளவு இருந்தால் அது தன் எம்ஆர்என்ஏ-வையே "தவறான தொடக்கம்" என்று ஒதுக்கிவிடும். குறைந்தால் கண்டிப்பு தளரும், தன் உற்பத்தி கூடும். இப்போது இஐஎஃப்1-ஐப் பாருங்கள். அதன் மரபணு ஏயுஜி-யில்தான் தொடங்குகிறது, ஆனால் அந்த ஏயுஜி-யைச் சுற்றி உள்ள எழுத்துகள் சாதகமாக இல்லை. இஐஎஃப்1 அதிகமானால் அந்தச் சுமாரான இடத்தைத் தாண்டிப் போகச் சொல்லும், தன் உற்பத்தியைத் தானே குறைக்கும். 2010-இல் இதைக் காட்டினார்கள். உறவே இல்லாத இரண்டு புரதங்கள், ஒரே வேலை, தன்னைத்தானே அளவோடு வைத்துக்கொள்ள ஒரே உத்தி. மாறாமல் வந்தது வேறு, தனித்தனியாக வந்து ஒரே இடத்தில் சேர்ந்தது வேறு என்பதை மாணவர்களுக்குப் புரியவைக்க நான் எப்போதும் இதைத்தான் எடுப்பேன்.

ஆதிசெல்

நல்ல இழை. பொதுவான மூதாதை பற்றி ஒன்று சேர்க்கிறேன். முன்னொட்டு இல்லாத எம்ஆர்என்ஏ-க்கள் என்று ஒரு வகை உண்டு, முதல் எழுத்தே ஏயுஜி. ஷைன்–டால்கார்னோ வரிசைக்கோ தொப்பியில் ஏறித் தேடுவதற்கோ இடமே இல்லை. லாம்ப்டா ஃபேஜின் சிஐ எம்ஆர்என்ஏ அப்படிப்பட்டது. 2000-இல் அதை பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியோட் ரைபோசோம்கள் மூன்றிலும் சோதித்தார்கள். மூன்றும் அதைப் படித்தன. ஈ. கோலையில் ஐஎஃப்2 அதற்கு உதவும், ஐஎஃப்3 தடுக்கும் என்பதும் தெரியும். உலகப் பொதுவான காரணி உதவுகிறது, பாக்டீரியாவுக்கே உரியது தடுக்கிறது! ஆதியில் எல்லாத் தொடக்கமும் இப்படித்தான் நடந்தது, ஷைன்–டால்கார்னோ, தொப்பி எல்லாம் பின்னால் ஒட்டியவை என்று துணிந்து சொல்லலாம்.

ஈஸ்ட்காரன்

@ஆதிசெல், மூன்று ரைபோசோம்களும் அதைப் படிக்கின்றன என்பதில் மறுப்பே இல்லை. அதிலிருந்து "ஆதியில் இதுதான் இருந்தது" என்று தாவுவதில்தான் எனக்குத் தயக்கம். முன்னொட்டு இல்லாத எம்ஆர்என்ஏ உருவாகப் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை, படியெடுத்தல் சில எழுத்துகள் தள்ளித் தொடங்கினால் போதும். எந்த வம்சத்திலும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நம் மைட்டோகாண்ட்ரியாவையே பாருங்கள், அதன் எம்ஆர்என்ஏ-க்களில் முன்னொட்டு கிட்டத்தட்ட இல்லை. அதன் மூதாதை பாக்டீரியா, அவ்வளவு எளிமையாக இருந்திருக்காது. பின்னால் சுருங்கிப்போன எளிமை அது. எளிமையாக இருப்பதெல்லாம் பழையது என்று எடுத்துக்கொண்டால் கிரிக்கெட் பூச்சியைத் தாக்கும் ஒரு வைரஸையும் ஆதியில் வைக்க வேண்டிவரும். அதன் ஒரு ஆர்என்ஏ பகுதி எந்தத் தொடக்கக் காரணியும் இல்லாமல், தொடக்க டிஆர்என்ஏ-கூட இல்லாமல், யூகேரியோட் ரைபோசோமில் தொடங்குகிறது. அதை யாரும் மூதாதை என்று சொல்வதில்லை.

ஆதிசெல்

மைட்டோகாண்ட்ரியா வாதத்தை ஏற்கிறேன், அது வலுவானது. ஆனால் ஷைன்–டால்கார்னோ பின்னால் வந்தது என்ற என் எண்ணம் இதை மட்டும் நம்பி இல்லை. பாக்டீராய்டீட்ஸ் போன்ற பெரிய பாக்டீரியக் கூட்டமே அதை அபூர்வமாகத்தான் பயன்படுத்துகிறது. பாக்டீரியாவுக்குள்ளேயே அது கட்டாயம் இல்லை.

ஈஸ்ட்காரன்

அதுவும் சரிதான். ஆனால் அங்கே 16எஸ் ஆர்என்ஏ-வில் அதற்கான எதிர்வரிசை இன்னும் இருக்கிறது. முன்பு பயன்படுத்தி, பிறகு விட்டதன் அடையாளமாகவே நான் அதைப் படிக்கிறேன். ஆர்க்கியாவிலும் பல இனங்கள் ஷைன்–டால்கார்னோவைப் பயன்படுத்துகின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டால் அது பழசாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நீங்கள் வேறு மாதிரிப் படிக்கலாம். வேதிமலர், உங்கள் கருத்தரங்கில் யாராவது ஆதி மூதாதை பற்றிக் கேட்டால், ஐஎஃப்1-உம் ஐஎஃப்2-வும் அங்கே இருந்தன என்பதுவரை உறுதியாகச் சொல்லுங்கள். எம்ஆர்என்ஏ-வை எப்படிப் பிடித்தார்கள் என்பதில் இந்த இழையில் இருப்பதுபோல இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள்.

வேதிமலர்

நன்றி. கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. என் படத்தில் ஐஎஃப்1–இஐஎஃப்1ஏ உறவை நானே கணக்கிட்டுக் காட்ட ஆசை. பிளாஸ்ட் உதவவில்லை, வேறு எது? அப்புறம் இஐஎஃப்5ஏ-வும் எல்லா உலகங்களிலும் இருக்கிறதாமே, அதையும் அட்டவணையில் சேர்க்கலாமா?

படிகநேயன்

ஈ. கோலையிலிருந்து மனிதனுக்கு ஒரே தாவலில் போகாதீர்கள். நடுவில் ஆர்க்கியாவின் ஏஐஎஃப்1ஏ-வை வையுங்கள். ஆர்க்கியாவிலிருந்து மனிதனுக்கு சாதாரணத் தேடலே போதும், அவ்வளவு நெருக்கம். ஆர்க்கியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத்தான் கொஞ்சம் உழைப்பு. அங்கே தனி வரிசையை வைத்துத் தேடாமல், பல ஆர்க்கிய வரிசைகளை அடுக்கி, அந்த அடுக்கிலிருந்து ஒரு மறைநிலை மார்க்கோவ் மாதிரி (ஒவ்வோர் இடத்திலும் எந்த அமினோ அமிலம் வரலாம் என்ற புள்ளிவிவர மாதிரி) செய்து அதை வைத்துத் தேடுங்கள். ஹெச்ஹெச்பிரெட் இணையத்திலேயே இதைச் செய்யும். பிஃபாம் தரவுத்தளத்தில் இரண்டும் ஒரே குடும்பமாகத்தான் பதிவாகியிருக்கின்றன, அந்த அடுக்கை இறக்கிக்கொண்டாலும் வேலை முடியும். வரிசையை அடுக்கும்போது வால்களை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் அவைதான் அடுக்கைக் குழப்பும்.

முடிந்தால் ஒரு கட்டமைப்புப் படமும் வையுங்கள்: 30எஸ், 40எஸ் இரண்டின் ஆர்என்ஏ-வையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள், புரதங்களைப் பொருத்த வேண்டாம். ஆர்என்ஏ-வைப் பொருத்தியபின் ஐஎஃப்1-உம் இஐஎஃப்1ஏ-வும் தாமாகவே ஒன்றன்மேல் ஒன்று விழும். அப்போது நீங்கள் எதையும் திணிக்கவில்லை என்பது பார்ப்பவர்களுக்குப் புரியும்.

ஈஸ்ட்காரன்

இஐஎஃப்5ஏ-வைச் சேருங்கள், ஆனால் தனி நிறத்தில். பாக்டீரியாவில் அதன் சொந்தக்காரர் இஎஃப்-பி. 1998-இல் வோஸ் குழு காட்டிய பொது உறவுகளில் இதுவும் ஒன்று. முதலில் தொடக்கக் காரணி என்று எண்ணினார்கள், பெயரும் அப்படியே நின்றுவிட்டது. 2012, 2013-இல் வந்த ஆய்வுகளில்தான் அசல் வேலை தெரிந்தது: அடுத்தடுத்துப் புரோலின் வரும் இடங்களில் ரைபோசோம் திணறும்போது அதைத் தள்ளிவிடுவது. அது நீட்சியின் நடுவில் நடக்கும் வேலை.

அதிலும் ஒரு நுணுக்கம் பார்த்துவிடுங்கள். இஐஎஃப்5ஏ வேலை செய்ய அதன் ஒரு லைசின் ஹைப்புசினாக (திருத்தப்பட்ட லைசின்) மாற வேண்டும். ஈ. கோலையின் இஎஃப்-பி-யில் அதற்கு ஒத்த 34-ஆவது லைசினில் பீட்டா-லைசின் ஏறுகிறது. சூடோமோனாஸ் ஏரூஜினோசாவில் லைசினே இல்லை, அந்த இடத்துக்கு நிகரான ஆர்ஜினினில் ராம்னோஸ் என்ற சர்க்கரையை மாட்டுகிறார்கள். மூன்றும் வேறு வேறு வேதியியல், வேறு வேறு நொதிகள், ஆனால் நீட்டிக்கொண்டு போய்த் தொடும் இடம் ஒன்றே, பெப்டைடுப் பிணைப்பு உருவாகும் மையத்தை ஒட்டி. இந்த மூன்றையும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டுங்கள். ஐஎஃப்1 இருக்கையைப் பற்றிப் படிகநேயன் சொன்ன அந்த 37 அமினோ அமிலச் செருகலை அதற்கு அடுத்த படமாக வைத்தால் கேட்பவர்களுக்கு இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து புரியும்.